ஏறிவிட்டால் பொருந்திவிட்டதா? இருக்கிற லாரி ரிம்முக்கு டயர் அளவு பார்ப்பது எப்படி

ஒரு லாரியின் பின் அச்சில் 11 ஆர் 22.5 டயர்கள் ஓடுகின்றன. பட்டன் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அந்த அளவு கையிருப்பில் இல்லை. “295/80 ஆர் 22.5 இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார் விற்பவர். “315 போடுங்க, லோடு நல்லாத் தாங்கும்” என்கிறார் பக்கத்தில் நிற்பவர். 315 என்று அவர் சொல்வது 315/80 ஆர் 22.5. மூன்றிலும் கடைசி எண் 22.5. மூன்றையும் அந்த ரிம்மில் ஏற்றிவிடவும் முடியும்.

ஏற்ற முடிகிறது என்பதாலேயே அது பொருந்திவிடாது. இந்த மூன்றில் ஒன்று தாராளமாகச் சரி. இன்னொன்றை அளந்து பார்த்த பிறகுதான் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். மற்றொன்று கூடவே கூடாது. எது எது என்று பிரிக்க, டயரின் எண்ணைவிட ரிம்மின் எண்ணையே முதலில் படிக்க வேண்டும். டயர் தேய்ந்து போகும், மாறும். ரிம்மும், அதைத் தாங்கி போல்ட்டில் பூட்டப்படும் நடுத்தட்டான டிஸ்க்கும் வண்டியோடு இருக்கப் போகிறவை. எல்லையை வகுப்பது அவைதான்.

டயரின் எண்கள்

லாரி டயர்களில் மூன்று விதமான எழுத்துமுறை புழக்கத்தில் இருக்கிறது.

1. 10.00-20 அல்லது 10.00 ஆர் 20. முதல் எண் டயரின் அகலம், இஞ்சில். இரண்டாவது ரிம் விட்டம், அதுவும் இஞ்சில். நடுவில் கோடு மட்டும் இருந்தால் நைலான் டயர் (உள் நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கே ஓடுபவை), ஆர் இருந்தால் ரேடியல் (ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடுபவை). இவை டியூப் போடும் டயர்கள்.

2. 11 ஆர் 22.5. இதுவும் இஞ்சுக் கணக்குதான், ஆனால் டியூப்லெஸ். விட்டத்தில் ஒட்டியிருக்கும் அந்த “.5” தான் அடையாளம்.

3. 295/80 ஆர் 22.5. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது சதவீதம்: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. கடைசி எண் மறுபடி இஞ்சுக்குத் திரும்பிவிடும். ஒரே எண்ணுக்குள் இரண்டு அளவைமுறை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

295/90 ஆர் 20 என்று ஓர் அளவும் உண்டு. 295/80 ஆர் 22.5 உடன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். அகலம் ஒன்றே, மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றதை மாட்டவே முடியாது.

ரிம்மின் எண்கள்

ரிம்மில் 8.25×22.5 என்றோ, திருப்பிப் போட்டு 22.5×8.25 என்றோ அடித்திருக்கும். பெரியது விட்டம், சிறியது அகலம். பழைய டியூப் ரிம்களில் 7.50-20 போல இருக்கும். அகல எண்ணை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது விளிம்பின் வடிவத்தைக் குறிப்பது. வால்வு துளையை ஒட்டியோ டிஸ்க்கின் முகத்திலோ தேடினால் கிடைக்கும். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து மூடியிருந்தால் கம்பி பிரஷ் தேவைப்படும்.

எண் தெரியாவிட்டால் அளக்கத்தான் வேண்டும். இங்கே பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: டேப்பை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்குப் பிடிக்கிறார்கள். ரிம்மின் அகலம் என்பது இரண்டு விளிம்புகளின் உள்முகங்களுக்கு இடையிலான தூரம், அதாவது டயர் உட்காரும் இடம். வெளியே பிடித்தால் ஓர் இஞ்சுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். 8.25 ரிம் “9 இஞ்சுக்கு மேல வருதே” என்று 9.00 ரிம்மாக மாறிவிடும். விட்டத்திலும் இதே கதை. 22.5 ரிம்மின் வெளி விளிம்பை அளந்தால் ஏறக்குறைய 23.5 இஞ்சு வரும். டயரின் பீட், அதாவது உள்ளே இரும்புக் கம்பிக் கட்டு வைத்த தடித்த உள்வட்ட ஓரம், உட்காரும் படியின் விட்டம்தான் 22.5.

அந்த அரை இஞ்சு எதற்கு?

17.5, 19.5, 22.5, 24.5. டியூப்லெஸ் லாரி ரிம்கள் எல்லாம் அரையில் முடிகின்றன. டியூப் ரிம்கள் 16, 20, 24 என்று முழு எண்ணில் முடிகின்றன. காரணம், டயர் உட்காரும் படியின் சரிவு. டியூப் ரிம்மில் அந்தச் சரிவு 5 டிகிரி, டியூப்லெஸ் லாரி ரிம்மில் 15 டிகிரி. டியூப்லெஸ் டயரின் பீட் ஆப்பு அடித்தது போல அந்தச் சரிவில் இறுகி உட்கார்ந்துதான் காற்றை அடைக்கிறது. இரண்டையும் கலக்கக் கூடாது என்பதற்காகவே எண்ணிலும் வேறுபாடு.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு மோசமான உதாரணம், சிறிய டிரக்குகளில் முன்பு பரவலாக இருந்த 16.5 இஞ்சு ரிம். அதன் மேல் 16 இஞ்சு டயரை வற்புறுத்தி ஏற்றிவிடலாம். பார்க்கப் பொருந்தியது போலவே இருக்கும். காற்று அடிக்கும்போது பீட் சரிவில் ஏறாது. ஏறவில்லையே என்று இன்னும் அடிப்பார்கள். கடைசியில் பீட்டுக்குள் இருக்கும் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். இப்படிக் காயம்பட்டவர்களும் இறந்தவர்களும் உண்டு. அதனால்தான் பல 16 இஞ்சு டயர்களின் பக்கச்சுவரிலேயே, 16 இஞ்சு ரிம்மில் மட்டும் மாட்டவும் என்று எச்சரிக்கை பதித்திருக்கிறார்கள். ரிம் விட்டத்தில் “கிட்டத்தட்ட” என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகும். 20 இஞ்சு டியூப் ரிம் வைத்திருப்பவர் டியூப்லெஸுக்கு மாற நினைத்தால் ரிம்மையும் மாற்றியாக வேண்டும். வளையம் போட்டுப் பூட்டும் பல துண்டு ரிம்மில் டியூப்பை எடுத்துவிட்டால், துண்டுகளுக்கு இடையிலேயே காற்று போய்விடும். மாறுகிறவர்களுக்கு ஒரு பழைய இணை உண்டு: 9.00 ஆர் 20-க்கு 10 ஆர் 22.5, 10.00 ஆர் 20-க்கு 11 ஆர் 22.5, 11.00 ஆர் 20-க்கு 12 ஆர் 22.5. ரிம் இரண்டரை இஞ்சு பெரிதானாலும் டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட மாறாது, ஏனென்றால் டியூப்லெஸின் பக்கச்சுவர் அந்த அளவுக்குக் குட்டை.

ரிம் அகலம்: ஒரு டயருக்கு ஒரு ரிம் அல்ல

விட்டம் ஒத்துப்போனபின் அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஓர் “அளவீட்டு ரிம்” உண்டு. பட்டியலில் போடும் அகலமும் உயரமும் அந்த ரிம்மில் மாட்டி எடுத்தவை. அதோடு “அனுமதிக்கப்பட்ட ரிம்” என்று ஓரிரு அகலங்களும் இருக்கும். டயர், ரிம் தயாரிப்பாளர்களின் தரநிர்ணய அமைப்புகள் வெளியிடும் கையேடுகளிலும் டயர் நிறுவனங்களின் கேட்டலாக்கிலும் இவை கிடைக்கும். வழக்கமாகப் புழங்கும் சில:

- 275/80 ஆர் 22.5: அளவீட்டு ரிம் 8.25. 7.50-உம் அனுமதி.
- 11 ஆர் 22.5: 8.25. 7.50-உம் அனுமதி.
- 295/80 ஆர் 22.5: 9.00. 8.25-உம் அனுமதி.
- 315/80 ஆர் 22.5: 9.00. அதைவிட அகலமான 9.75-உம் அனுமதி. பொதுவாக 8.25 இல்லை.
- 385/65 ஆர் 22.5: 11.75. இது ஜோடியாகப் போடாமல் ஒற்றையாக ஓடும் அகல டயர்.

தொடக்கத்தில் பார்த்த வண்டியின் ரிம் 8.25 என்றால், “315 போடுங்க” என்ற யோசனை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. லோடு தாங்குமா என்ற கேள்வி வரை போகவே வேண்டியதில்லை.

குறுகலான ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் பீட்கள் நெருங்கி, நடுப்பகுதி குவிந்து, பக்கச்சுவர்கள் பிதுங்கும். நடுப்பட்டன் சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி ஆடும். எதிர்த்திசையில், அகலமான ரிம்மில் குறுகலான டயர் என்றால் பக்கச்சுவர் இழுபட்டு விறைத்து நிற்கும், ஓரப் பட்டன்கள் முதலில் போகும், பீட்டின் பிடிப்பும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

அனுமதிக்கப்பட்ட ரிம்மாகவே இருந்தாலும் டயரின் உண்மையான அகலம் மாறும். தோராயக் கணக்கு இது: ரிம் அரை இஞ்சு குறைந்தால் டயரின் அகலம் 5 மி.மீ. குறையும், கூடினால் 5 மி.மீ. கூடும். 9.00 ரிம்மில் 298 மி.மீ. வரும் 295/80 டயர், 8.25 ரிம்மில் ஏறக்குறைய 290 ஆகும். இந்த 8 மி.மீ. பிறகு உதவிக்கு வரும்.

உயரம்: கணக்கு போட்டுப் பார்க்கலாம்

மெட்ரிக் அளவுக்குக் காகிதமும் பேனாவும் போதும். 295-இல் 80 சதவீதம் 236. மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் இரண்டு மடங்கு, 472. ரிம் 22.5 × 25.4 = 571.5. கூட்டினால் 1,043.5 மி.மீ. 11 ஆர் 22.5-இல் சதவீதம் எழுதியிருக்காது, ஆகவே கேட்டலாக்கைத்தான் பார்க்க வேண்டும். பட்டன் வடிவத்தைப் பொறுத்து 1,050 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள். “ரெண்டும் ஒண்ணுதான்” என்று விற்பவர் சொன்னது இந்த ஒரு விஷயத்தில் கிட்டத்தட்ட உண்மை.

275/80 ஆர் 22.5 என்றால் கதை வேறு. 1,011.5 மி.மீ., அதாவது ஏறக்குறைய 4 சதவீதம் குட்டை. வேகமானி 60 காட்டும்போது வண்டி 58-ஐக்கூடத் தொடாது, ஓடோமீட்டர் ஓடாத கிலோமீட்டரையும் சேர்த்து எழுதும். எஞ்சின் அதே வேகத்துக்கு அதிகம் சுற்றும், ஏற்றத்தில் கொஞ்சம் இழுவை கூடும். உயரமான டயர் போட்டால் எல்லாம் தலைகீழ். மட்கார்டு, பிளேட் ஸ்பிரிங், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் நெருங்கும் கம்பிகள் என்று இடித்துக்கொள்ளும் பட்டியலும் நீளும்.

இரண்டு பின் அச்சுகள் உள்ள வண்டிக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஒரு அச்சில் பழைய அளவு, மற்றதில் புதிய அளவு என்று விட்டால், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல், அதாவது இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி, நாள் முழுக்க அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். லாக் போட்டுவிட்டால் சரிக்கட்டவும் வழியில்லை, பளு முழுவதும் பற்சக்கரங்கள் மேலும் டயர் மேலும் விழும்.

ஜோடிச் சக்கரத்தின் நடு இடைவெளி

பின் அச்சில் டயர் மாற்றும்போது அதிகம் மறக்கப்படுவது இது. உயரத்தைப் பார்ப்பார்கள், லோடைப் பார்ப்பார்கள். உள் டயருக்கும் வெளி டயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று குனிந்து பார்ப்பவர் குறைவு.

இரண்டு டயர்களின் மையங்கள் எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதை முடிவு செய்வது டயர் அல்ல, டிஸ்க். டிஸ்க்கின் போல்ட் முகம் ரிம்மின் மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ஆஃப்செட் என்பார்கள். உள் டிஸ்க்கும் வெளி டிஸ்க்கும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால், இரண்டு டயர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஆஃப்செட்டின் இரு மடங்கு. ஆஃப்செட் 167 மி.மீ. என்றால் மையத்துக்கு மையம் 334 மி.மீ. டயரை மாற்றினாலும் இந்த எண் அசையாது.

இந்த 334-இலிருந்து டயரின் அகலத்தைக் கழித்தால் நடுவில் மிஞ்சும் இடம் கிடைக்கும். 11 ஆர் 22.5-க்கு அகலம் 279 என்று வைத்துக்கொண்டால் 55 மி.மீ. 8.25 ரிம்மில் 290 வரும் 295/80-க்கு 44 மி.மீ. விதியை மீறி 315-ஐயே ஏற்றியிருந்தால் முப்பதை ஒட்டித்தான் மிஞ்சும். இதெல்லாம் காலி வண்டிக் கணக்கு. லோடு ஏற்றியதும் டயரின் அடிப்பகுதி நசுங்கி, பக்கச்சுவர்கள் இரண்டு பக்கமும் பிதுங்கும். இரண்டு டயர்களும் ஒன்றை நோக்கி ஒன்று பிதுங்கும். காற்று குறைந்திருந்தால் இன்னும் அதிகம்.

இதையெல்லாம் சேர்த்துத்தான் கேட்டலாக்கில் “குறைந்தபட்ச ஜோடி மையத் தூரம்” என்று ஓர் எண் தருகிறார்கள். 11 ஆர் 22.5-க்கு அது சுமார் 318 மி.மீ. 295/80 ஆர் 22.5-க்கு 330-ஐ ஒட்டி, மாடலைப் பொறுத்துச் சில மி.மீ. கூடவோ குறையவோ செய்யும். 315/80-க்கு 350-ஐ ஒட்டி. நம் 334 முதலாவதுக்குத் தாராளம், இரண்டாவதுக்கு இழுத்துப் பிடித்த கணக்கு, மூன்றாவதுக்குப் போதாது. ஆக, 295/80 போடலாமா என்ற கேள்விக்கு விடை, வாங்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட மாடலின் எண்ணிலும் வண்டியின் டிஸ்க்கிலும் இருக்கிறது. கடைக்காரரின் பொதுவான உத்தரவாதம் இங்கே உதவாது.

இடைவெளி போதாவிட்டால் டயர்கள் அடியில் ஒன்றோடு ஒன்று உரசும். ரப்பர் உரசினால் சூடு. சூட்டில் பக்கச்சுவர் மெலிந்து கம்பியோ நூலோ வெளியே தெரியும். இரண்டு டயர்களின் உள்பக்கத்திலும் நேருக்கு நேராகப் பளபளவென்று ஒரு வட்டப் பட்டை தெரிந்தால் உரசல் தொடங்கிவிட்டது என்று பொருள். நடுவில் கல் மாட்டிக்கொண்டால் வெளியே வரவும் வழி குறைவு. இதற்குச் சிலர் இரண்டு டிஸ்க்குகளுக்கும் நடுவில் தட்டு வைத்து இடைவெளி கூட்டுவார்கள். போல்ட்டின் நீளம் அந்தத் தட்டுக்கும் சேர்த்துப் போட்டதல்ல. நட்டுக்குள் மரை குறையும், இறுக்கம் போகும், ஒரு நாள் சக்கரமே கழன்று ஓடும். இடம் போதாவிட்டால் ஆஃப்செட் அதிகமுள்ள டிஸ்க் வாங்க வேண்டும், இல்லையென்றால் அகலம் குறைந்த டயரோடு திருப்தியடைய வேண்டும்.

லோடும் காற்றும்: ரிம்மின் சொல்லே கடைசி

டயரின் பக்கச்சுவரில் 152/148 எல் போன்ற குறியீடு இருக்கும். முதல் எண் டயர் ஒற்றையாக ஓடும்போது தாங்கும் லோடு, இரண்டாவது ஜோடியாக ஓடும்போது. 152 என்றால் 3,550 கிலோ, 148 என்றால் 3,150 கிலோ. ஜோடியில் ஏன் குறைகிறது? இரண்டும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை, உள் டயருக்குக் காற்றோட்டமும் குறைவு. எழுத்து வேகத்துக்கானது: ஜே 100, கே 110, எல் 120, எம் 130 கி.மீ.

நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 4 × 3,150 = 12,600 கிலோ. முன் அச்சுக்கு 2 × 3,550 = 7,100 கிலோ. அதே வண்டியில் முன்பு 146/143 டயர் இருந்திருந்தால் கணக்கு 10,900-உம் 6,000-உம். டயர் மாற்றியதும் பின்னால் 1,700 கிலோ கூடிவிட்டது போலத் தெரிகிறது அல்லவா? கூடவில்லை. அச்சு, ஸ்பிரிங், பிரேக் எதுவும் மாறவில்லை. ரிம்மும் மாறவில்லை. ரிம்மிலும் அதிகபட்ச லோடும் காற்றழுத்தமும் உண்டு, பெரும்பாலும் ரிம்மிலேயே அடித்திருக்கும். ரிம் 3,000 கிலோ என்றால், அதில் 3,550 கிலோ டயர் போட்டாலும் அந்தச் சக்கரம் 3,000 கிலோதான்.

காற்றிலும் இதே எச்சரிக்கை. 152/148 குறியீட்டின் முழு லோடையும் எடுக்க 295/80 டயருக்கு வழக்கமாக 123 பிஎஸ்ஐ வரை கேட்கும். பழைய ரிம்மின் வரம்பு அதற்குக் கீழே இருந்தால் டயரின் முழுத் திறனும் வெறும் எழுத்துதான். குறைந்த குறியீட்டுக்கு இறங்குவது வேறு கதை. அச்சுக்கு உரிய லோடுக்குக் கீழே போகும் டயரை, மற்ற எல்லாம் பொருந்தினாலும், மாட்டக் கூடாது.

கலந்து போடும்போது

எல்லாம் சரிபார்த்து வாங்கியாயிற்று. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது, ஒரு ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற கதை வரும். ரேடியலும் நைலானும் ஒரே அச்சில் கூடாது என்பது பலருக்கும் தெரிந்ததே. ஜோடிக்குள் உயர வித்தியாசம் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

ஜோடி டயர்கள் ஒரே அச்சில் பூட்டியவை, ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். ஒன்று மற்றதைவிட 12 மி.மீ. விட்டம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 38 மி.மீ. தூர வித்தியாசம். கிலோமீட்டருக்குச் சுமார் 312 சுற்று. ஆக ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு டயர் 11 மீட்டருக்கு மேல் சாலையில் இழுபட்டாக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 11 கிலோமீட்டர் தேய்ப்பு. பெரிய டயர் லோடையும் அதிகம் வாங்கிக்கொண்டு சூடாகும், சின்னது தரையில் உரசிக்கொண்டே ஓடும். விட்டத்தில் 6 மி.மீ.-க்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பான பழக்கம். 11 ஆர் 22.5-உம் 295/80 ஆர் 22.5-உம் கேட்டலாக் உயரத்தில் நெருக்கம் என்பதற்காக ஒரே ஜோடியில் கலக்கவும் கூடாது. உயரம் ஒத்துப்போனாலும் லோடில் நசுங்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றல்ல.

ஸ்டெப்னி தனிக் கேள்வி. பின் அச்சுகளை மட்டும் புதிய அளவுக்கு மாற்றிவிட்டு முன்னால் பழையதை விட்டால், இருக்கும் ஒரே ஸ்டெப்னி ஏதாவது ஓர் இடத்துக்குப் பொருந்தாது.

வாங்கப் போவதற்கு முன்

1. ரிம்மின் விட்டம், அகலம், லோடு வரம்பு, காற்று வரம்பு: நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா ரிம்மும் ஒன்றே என்று நம்ப வேண்டாம். இடையில் யாரோ மாற்றிய ஒன்று வேறாக இருக்கலாம்.

2. ஜோடிச் சக்கரத்தின் மையத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். உள் டயரின் ஒரு குறிப்பிட்ட பட்டன் ஓரத்திலிருந்து வெளி டயரின் அதே ஓரம் வரை அளந்தால் போதும், இரண்டும் ஒரே அளவு டயராக இருக்கும் வரை. தேய்மானத்தில் ஓரம் மழுங்கியிருந்தால் ரிம் விளிம்பிலிருந்து ரிம் விளிம்புக்கு அளக்கலாம்.

3. அச்சு லோடை வண்டியின் தகட்டிலிருந்து எடுங்கள், இப்போதிருக்கும் டயரிலிருந்து அல்ல. முந்தைய உரிமையாளர் தவறான டயரைப் போட்டிருந்தால் அந்தத் தவறு அப்படியே தொடரும்.

4. இந்த எண்களோடு கேட்டலாக்கைத் திறந்து, வாங்கும் மாடலின் அனுமதிக்கப்பட்ட ரிம், குறைந்தபட்ச மையத் தூரம், உயரம், லோடு குறியீடு என்று அதே வரிசையில் பாருங்கள். முதல் இரண்டில் ஒன்று தவறினாலும் அடுத்ததைப் பார்க்க வேண்டியதில்லை.

5. மாட்டிய பின் லோடு ஏற்றி, சமதரையில் நிறுத்தி, ஜோடியின் அடிப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கச்சுவர்கள் பிதுங்கி நிற்கும் இடத்தில் மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும்.